ஓய்வூதியக் கணக்கில் ஒரு வீடு: செல்ஃப்-டைரக்டட் ஐஆர்ஏ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாலஸ் பக்கம் பொங்கல் விழாவோ, யார் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளோ, தட்டில் வடையோடு ஓரமாக நின்றால் போதும். யாராவது வந்து, "நீங்க ரிட்டயர்மென்ட் கணக்குல வீடு வாங்கினீங்களாமே?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். வாங்கியது உண்மைதான். சில வருடங்களாக ஒரு சின்ன வாடகை வீடு என் ஐஆர்ஏ-வில் (வரிச்சலுகை உள்ள தனிநபர் ஓய்வூதியக் கணக்கு) இருக்கிறது. நான் வக்கீலும் இல்லை, சிபிஏ-வும் (வரிக் கணக்கரும்) இல்லை. பட்டும் படித்தும் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். எல்லாம் அமெரிக்க ஃபெடரல் சட்டத்தை ஒட்டியவை. கையெழுத்துப் போடும் முன் உங்கள் சிபிஏ-விடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

செல்ஃப்-டைரக்டட் ஐஆர்ஏ-ன்னா தனி வகைக் கணக்கா? சாதா ஐஆர்ஏ-வுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

சட்டத்தின் கண்ணில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஐஆர்ஏ என்பதே 1974-ல் எரிசா என்ற ஓய்வூதியச் சட்டத்தோடு வந்தது. பணம் போடும் வரம்பு, எடுக்கும் வயது, வரி எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். 'செல்ஃப்-டைரக்டட்' என்பது வியாபாரத்தில் புழங்கும் பெயர். கணக்கை வைத்திருக்கும் கஸ்டோடியன், பங்கு, மியூச்சுவல் ஃபண்டு தவிர வீடு, மனை, தனியார் கடன் போன்றவற்றையும் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறார் என்று பொருள். பெரிய புரோக்கரேஜ் கம்பெனிகள் பொதுவாக வீட்டுப் பத்திரத்தைத் தொடுவதில்லை. அதனால் இதற்கென்றே இருக்கும் கஸ்டோடியனிடம் போக வேண்டியிருக்கிறது. அவர் ஒரு வங்கியாகவோ, ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) அனுமதி பெற்ற நிறுவனமாகவோ இருக்க வேண்டும்.

அந்தக் கஸ்டோடியன் காகிதத்தைத்தான் பார்ப்பார், வீட்டைப் பார்க்க மாட்டார். கூரை நல்லதா, விற்கிறவர் யோக்கியரா, விலை நியாயமா என்பதெல்லாம் அவர் கவலை இல்லை. 'ஐஆர்ஏ கஸ்டோடியன் ஏற்றுக்கொண்ட முதலீடு' என்று சொல்லியே ஆட்களை வளைக்கும் மோசடிகளைப் பற்றி எஸ்இசி (பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பலமுறை எச்சரித்திருக்கிறது.

ஐஆர்ஏ பணத்துல வீடு வாங்கலாம்னு சட்டத்துல எங்க எழுதியிருக்கு? காட்டுங்க பார்ப்போம்.

எங்கேயும் எழுதவில்லை. எதை வாங்கக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆயுள் காப்பீடு கூடாது. ஓவியம், பழம்பொருள், தபால்தலை, அரிய நாணயம், மது வகை போன்ற சேகரிப்புப் பொருள்கள் கூடாது. வீடும் நிலமும் அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே வாங்கலாம்.

கெடுபிடி எல்லாம் யாரிடம் வாங்குகிறீர்கள், யார் அனுபவிக்கிறார்கள், யார் உழைக்கிறார்கள் என்பதில்தான். வரிச் சட்டத்தின் 4975-ஆம் பிரிவு அதைத்தான் பேசுகிறது. கீழே வரும் கேள்விகளில் பாதி அந்தப் பிரிவைச் சுற்றியே வருபவை.

அப்போ வீடு யார் பேர்ல இருக்கும்? என் பேர்ல இல்லையா?

இல்லை. டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) 'இன்ன டிரஸ்ட் கம்பெனி, இன்னாரது ஐஆர்ஏ-வின் பொருட்டு' என்று இருக்கும். வாங்குகிறவர் உங்கள் கணக்கு, நீங்கள் அல்ல. இது மட்டும் மனதில் ஏறிவிட்டால் இந்தப் பக்கத்தில் பாதியைப் படிக்கவே வேண்டாம்.

எனக்கு அது சீக்கிரம் ஏறவில்லை. முதல் வீட்டுக்கு ஆஃபர் கொடுத்தபோது, பழக்கதோஷத்தில் என் பெயரிலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, ஏர்னஸ்ட் மணி (ஒப்பந்த முன்பணம்) 1,000 டாலருக்கு என் சொந்தச் செக்கைக் கிழித்துக் கொடுத்தேன். கஸ்டோடியன் காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்: வாங்குபவர் பெயரும் தப்பு, பணம் வந்த இடமும் தப்பு. எல்லாவற்றையும் மாற்றி எழுதிக் கொண்டுபோவதற்குள் விற்பவர் வேறு ஆளிடம் போய்விட்டார். முன்பணத்திலிருந்து க்ளோசிங் செலவுவரை ஒவ்வொரு டாலரும் ஐஆர்ஏ-விலிருந்துதான் போக வேண்டும். பிறகு வரும் பிராப்பர்ட்டி டாக்ஸ், இன்ஷூரன்ஸ், ஹெச்ஓஏ (குடியிருப்போர் சங்க) கட்டணமும் அப்படியே. வாடகையும் நேராக ஐஆர்ஏ-வுக்குத்தான் வர வேண்டும். டெனன்ட் உங்கள் ஃபோனுக்கு அனுப்பி, நீங்கள் அப்புறம் மாற்றிப் போடலாம் என்ற பேச்சே கூடாது.

வருஷத்துக்கு ஏழாயிரம்தானே போட முடியும்? அதை வச்சு எந்தக் காலத்துல வீடு வாங்குறது?

வரம்பு 2025-ல் 7,000 டாலர், 2026-ல் 7,500. ஐம்பது வயது கடந்தவர்களுக்குச் சற்றுக் கூடுதல். அதை மட்டும் சேர்த்து யாரும் வீடு வாங்குவதில்லை. பழைய கம்பெனி வழியாகச் சேர்ந்த ஓய்வூதியக் கணக்கான 401கே-வைத்தான் மாற்றிக் கொண்டுவருகிறார்கள். வேலை மாறிய கையோடு மறந்துபோன 401கே நம்மில் பலருக்கு ஒன்றிரண்டு இருக்கும். இப்போது வேலை செய்யும் கம்பெனியின் 401கே-வைப் பொதுவாக வேலையை விடும்வரை எடுக்க முடியாது. 59½ வயதானால் சில பிளான்கள் அனுமதிக்கும்.

மாற்றும்போது பணம் உங்கள் கைக்கு வராமல் நேராக நிறுவனத்திலிருந்து நிறுவனத்துக்குப் போகும்படி கேளுங்கள். 401கே பணம் உங்கள் பெயரில் செக்காக வந்தால் 20 சதவீதத்தை வரிக்காகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். முழுத் தொகையையும், பிடித்த 20 சதவீதத்தைக் கைக்காசாகச் சேர்த்து, 60 நாளுக்குள் ஐஆர்ஏ-வில் போட வேண்டிவரும்.

வாங்கின வீட்டுல நாங்களே குடியிருக்கலாமா? சரி, லீவுக்கு ஒரு வாரமாவது?

ஒரு இரவு கூட முடியாது. வாடகை கொடுத்தாலும் முடியாது. வெளியாள் கொடுப்பதைவிட இரண்டு மடங்கு கொடுத்தாலும் முடியாது. கார் ஷெட்டில் பழைய சோபாவைப் போட்டு வைப்பதும் இதில் சேர்த்தி.

'முதல் வீடு வாங்க ஐஆர்ஏ-விலிருந்து 10,000 எடுக்கலாமாமே' என்று கேட்பவர்கள் வேறு ஒரு விதியைச் சொல்கிறார்கள். அது பணத்தை வெளியே எடுத்து உங்கள் பெயரில் வீடு வாங்குவது. 59½ வயதுக்கு முன் எடுத்தால் விழும் 10 சதவீத அபராதம் மட்டும், வாழ்நாளில் 10,000 டாலர்வரை இல்லை. அந்த வீட்டுக்கும் இந்தப் பக்கத்துக்கும் சம்பந்தமில்லை.

சொந்தக்காரங்கள்ல யார் யாருக்கு வாடகைக்கு விடலாம்? தம்பிக்கு விடலாம்னு ஒருத்தர் சொன்னாரே?

குடும்ப மரத்தில் உங்களிடமிருந்து நேராக மேலே போங்கள்: அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி. நேராகக் கீழே வாருங்கள்: மகன், மகள், பேரன், பேத்தி. கீழே இருப்பவர்களைக் கட்டியவர்கள், அதாவது மருமகன், மருமகள். பக்கத்தில் உங்கள் கணவர் அல்லது மனைவி. இவர்கள் எல்லோரும் சட்டம் 'தகுதியற்றவர்' என்று சொல்லும் ஆட்கள். இவர்களோடு வாங்கல், விற்றல், வாடகை, கடன், இலவச உதவி எதுவும் கூடாது. இவர்கள் பாதியோ அதற்கு மேலோ சொந்தமாக வைத்திருக்கும் கம்பெனிகளுக்கும் அதே தடை. கணக்கை நிர்வகிக்கிறவர், அதற்குக் கூலிக்கு வேலை செய்கிறவர் ஆகியோரும் பட்டியலில் உண்டு.

பக்கவாட்டில் போனால் சட்டம் சும்மா இருக்கிறது. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, சித்தப்பா, அத்தை, மாமா, அவர்கள் பிள்ளைகள் யாரும் பட்டியலில் இல்லை. நம் ஊர்க் கணக்கில் தம்பியைவிட மருமகன் தூரம் என்று நினைப்போம், அமெரிக்க வரிச் சட்டம் தலைகீழாக நினைக்கிறது. மாமனார், மாமியாரும் சொல்லுக்குச் சொல் பார்த்தால் பட்டியலில் இல்லை. ஆனால் உங்கள் மனைவி அந்தக் கணக்கின் நிர்வாகத்தில் கை வைத்தால், அவருடைய குடும்பம் என்ற வகையில் அவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள்.

தம்பிக்கு விடலாம் என்பது சரி. ஆனால் சந்தை வாடகைக்கு, எழுத்து ஒப்பந்தத்தோடு. தம்பி அந்த வீட்டில் இருக்கிறான், அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் அவனோடு தங்குகிறார்கள் என்றால்? எனக்கு அந்த இடத்தில் வயிறு கலங்கும். நான் விடமாட்டேன்.

என் பேர்ல ஏற்கெனவே ஒரு ரெண்டல் இருக்கு. அதையே ஐஆர்ஏ-வுக்கு வித்துட்டா கமிஷன் மிச்சம் இல்லையா?

முன் கேள்வியில் சொன்ன பட்டியலில் முதல் ஆள் நீங்கள்தான். உங்களிடமிருந்து உங்கள் கணக்கு வாங்க முடியாது, உங்களுக்கு விற்கவும் முடியாது. விற்காமல் 'போட்டுவிடலாமா' என்றும் கேட்கிறார்கள். ஐஆர்ஏ-வுக்கு வருடச் சந்தாவாகப் பணம் மட்டுமே போகும், சொத்து போகாது.

குழாய் ஒழுகுது. நானே போய் வாஷர் மாத்தினா என்ன தப்பு? காசா வாங்குறேன்?

காசு வாங்கினாலும் தப்பு, வாங்காவிட்டாலும் தப்பு. தகுதியற்றவர் கணக்குக்குச் சேவை செய்வதும் தடை செய்யப்பட்ட பரிவர்த்தனை. நீங்கள் உழைத்த உழைப்பு வரிச்சலுகை உள்ள கணக்குக்குள் மறைமுகமாகப் போட்ட சந்தா மாதிரி ஆகிவிடுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு டெனன்டிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: சமையலறைச் சிங்க்குக்குக் கீழே தண்ணீர். வீடு பன்னிரண்டு நிமிடத் தூரம். கார் டிக்கியில் ரெஞ்சு, டெஃப்லான் டேப் எல்லாம் இருந்தன. போனேன், குனிந்து பார்த்தேன், ஒரு நட்டை அரைச் சுற்று முறுக்கினால் நின்றுவிடும் என்று தெரிந்தது. கீழே ஒரு பாத்திரத்தை வைக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து பிளம்பரைக் கூப்பிட்டேன். ஞாயிறு இரவு ரேட். பில் கஸ்டோடியனுக்குப் போய், மறுவாரம் ஐஆர்ஏ-விலிருந்து அவருக்குப் பணம் போனது. டெனன்ட் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது முடிவெடுப்பது: எந்த வீடு, எந்தப் பிளம்பர், எவ்வளவு வாடகை, எப்போது விற்பது. போய்ப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். கையில் சுத்தியலைத் தூக்கக் கூடாது. பிராப்பர்ட்டி மேனேஜர் ஒருவரை வைத்துவிட்டால் இந்தச் சபலம் பாதி குறையும். அவர் உங்கள் மகனாக இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆலங்கட்டி மழையில கூரை போச்சு, கணக்குல காசு இல்ல. அவசரத்துக்கு நான் போட்டுட்டு அப்புறம் எடுத்துக்கிறேனே?

டெக்சாஸ்காரர்கள் கேட்கும் கேள்வி. கூடாது. கணக்குக்கு நீங்கள் கடன் கொடுப்பதும் தடைதான்.

வழிகள் நாலு. அந்த வருடச் சந்தா வரம்பு மிச்சம் இருந்தால் அதைப் போடலாம். உங்களுடைய வேறொரு ஐஆர்ஏ-விலிருந்து மாற்றலாம். கணக்கின் பெயரில், அடுத்த கேள்வியில் சொல்லும் வகைக் கடன் வாங்கலாம். அல்லது வீட்டை விற்கலாம். நான் பார்த்தவரை இந்த விஷயத்தில் ஆட்கள் மாட்டிக்கொள்வது சட்ட நுணுக்கத்தில் அல்ல, இந்த இடத்தில்தான். 1,90,000 டாலர் உள்ள கணக்கில் 1,85,000-க்கு வீடு வாங்கிவிட்டு, ஆறாம் மாதம் ஏசி போனதும் முழிக்கிறார்கள். ஒரு வருட வாடகைக்குச் சமமான தொகையாவது ரொக்கமாகக் கணக்கில் கிடக்க வேண்டும் என்பது என் கணக்கு. இன்ஷூரன்ஸும் ஐஆர்ஏ பெயரில் எடுத்திருக்க வேண்டும், உங்கள் பெயரில் எடுத்துவிட்டு கிளெய்ம் நேரத்தில் அல்லாடாதீர்கள்.

ஐஆர்ஏ வீட்டுக்கு மார்ட்கேஜ் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் நான்-ரிகோர்ஸ் கடனாக மட்டும். கடன் தவறினால் வங்கி அந்த வீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், உங்கள் சொந்தச் சொத்துப் பக்கம் வர முடியாது என்ற ஒப்பந்தம். இப்படிக் கொடுக்கும் வங்கிகள் குறைவு. முன்பணம் நிறையக் கேட்பார்கள், வட்டியும் கூடுதலாக இருக்கும்.

'சும்மா ஒரு கேரன்டி கையெழுத்துதானே' என்று போட்டுவிடாதீர்கள். பீக் வழக்கில் 2013-ல் வரி நீதிமன்றம் சொன்னது அதுதான். இரண்டு பேர் தங்கள் ஐஆர்ஏ மூலம் ஒரு கம்பெனி தொடங்கி, அது ஒரு தொழிலை வாங்கியபோது எழுந்த கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றார்கள். வருடங்கள் கழித்து நல்ல லாபத்துக்கு விற்ற பிறகு, அந்த ஜாமீன் கையெழுத்தே தடைசெய்யப்பட்ட பரிவர்த்தனை என்று தீர்ப்பாகி, வரிச்சலுகை போனது.

அப்போ வாடகைக்கு வரியே கிடையாது, சரிதானே?

கடன் இல்லாத வீடானால் சரி. வாடகையும், பின்னால் விற்கும்போது வரும் லாபமும் கணக்குக்குள் வரியில்லாமல் சேரும்.

கடன் இருந்தால் கடன் பங்குக்கு வரும் வருமானத்துக்கு வரி உண்டு. வரிவிலக்குள்ள கணக்கே அந்த வருடமே கட்ட வேண்டும். 2,00,000 டாலர் வீட்டுக்கு 1,00,000 கடன் என்று வைத்துக்கொள்வோம். செலவும் தேய்மானமும் போக நிகர வாடகை 8,000. மோட்டாகப் பாதி கடன் என்பதால் 4,000 வரிக்கு உட்பட்டது. அதில் 1,000 கழிவு. மீதி 3,000-க்கு டிரஸ்ட் விகிதத்தில் வரி, 2025 கணக்குப்படி 10 சதவீதம், 300 டாலர். பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் டிரஸ்ட் விகிதம் விறுவிறுவென ஏறும், அதே 2025 கணக்கில் 15,650 டாலரைத் தாண்டினால் 37 சதவீதம். வருடம் 1,000 டாலரோ அதற்கு மேலோ இப்படி மொத்த வருமானம் இருந்தால் 990-டி என்ற வரிப் படிவம் போட வேண்டும், வரியும் ஐஆர்ஏ-விலிருந்தே போக வேண்டும். விற்கும் லாபத்திலும் கடன் பங்குக்கு இதே கதிதான். கடனை முழுக்க அடைத்து 12 மாதத்துக்கு மேல் ஆன பிறகு விற்றால் தப்பலாம்.

சொந்தத் தொழில் செய்து, வேலைக்கு ஆள் வைக்காதவர்களுக்கு சோலோ 401கே என்று ஒன்று உண்டு. வீட்டுக் கடனுக்கான இந்த வரி அதற்குப் பொதுவாக இல்லை. கன்சல்டிங் செய்கிறவர்கள் சிபிஏ-விடம் இதை முதலில் கேளுங்கள்.

வாங்கி, சரி பண்ணி, உடனே விக்கிறது? இல்லன்னா ஏர்பிஎன்பி?

ஒரு வீட்டை எப்போதோ ஒருமுறை விற்பது முதலீடு. வருடத்துக்கு நாலு வீடு வாங்கி விற்றால் அது வியாபாரம் என்று ஐஆர்எஸ் சொல்லலாம். அப்போது கடன் இல்லாவிட்டாலும் முன் கேள்வியில் சொன்ன வரி வரும். ஏர்பிஎன்பி-யில் தினமும் படுக்கை மாற்றுவது, காலை உணவு என்று ஓட்டல் சேவை சேர்ந்தால் அதுவும் வெறும் வாடகையாக நிற்காது.

யூடியூப்ல எல்எல்சி வச்சு 'செக்புக் கண்ட்ரோல்'னு சொல்றாங்களே, கஸ்டோடியன் தொல்லையே இல்லையாமே?

ஐஆர்ஏ ஒரு எல்எல்சி-யின் (பொறுப்பு வரம்புள்ள சிறு கம்பெனி) முழு உரிமையாளராக இருக்கும், நீங்கள் சம்பளமில்லாத மேனேஜர், எல்எல்சி-க்கு ஒரு வங்கிக் கணக்கு, செக்கில் நீங்களே கையெழுத்து. 1996-ல் ஸ்வான்சன் வழக்கில் வரி நீதிமன்றம், ஐஆர்ஏ புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்கியதை ஏற்றுக்கொண்டது. இந்த ஏற்பாட்டுக்கு எல்லோரும் ஆதாரமாகக் காட்டுவது அதைத்தான்.

தொல்லை குறைவது உண்மை. குழாய்க்காரருக்குப் பணம் தர ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். ஆனால் மேலே சொன்ன விதி ஒன்றுகூட மாறுவதில்லை, தடுக்க நடுவில் ஆள் மட்டும் இல்லாமல் போகிறார். 2021-ல் மக்நல்டி வழக்கில் ஒரு தம்பதி, ஐஆர்ஏ எல்எல்சி பணத்தில் தங்க நாணயம் வாங்கி வீட்டுப் பெட்டகத்தில் வைத்திருந்தார்கள். பணத்தை வெளியே எடுத்ததற்குச் சமம் என்று வரி போட்டார்கள். அன்று நான் ஏர்னஸ்ட் மணிக்கு என் சொந்தச் செக்கைக் கிழித்துக் கொடுத்தேனே, செக்புக் என் கையிலேயே இருந்திருந்தால் அதைத் திருப்பி அனுப்ப யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கணக்குல பாதிதான் இருக்கு. மீதியை நான் சொந்தமா போட்டு ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினா?

ஆரம்பத்திலேயே, வெளியாள் ஒருவரிடமிருந்து, ஐஆர்ஏ 60 சதவீதம், நீங்கள் 40 சதவீதம் என்று டைட்டிலில் பிரித்து எழுதி வாங்கலாம். அதன் பிறகு வரி, செலவு, வாடகை ஒவ்வொன்றும் அதே 60-க்கு 40. உங்கள் பங்கை ஐஆர்ஏ-வுக்கோ ஐஆர்ஏ பங்கை உங்களுக்கோ பின்னால் விற்க முடியாது. உங்கள் 40-க்குக் கடன் வாங்கி முழு வீட்டையும் அடகு வைப்பதும் கூடாது. உங்கள் 40 சதவீதம் சொந்தம்தானே, ஒரு அறையில் தங்கலாமே என்றால், லீவு கேள்விக்குச் சொன்ன பதிலேதான். சட்டப்படி சரி, நடைமுறையில் தலைவலி என்பதுதான் என் அபிப்பிராயம்.

அண்ணா, மெயின் கேள்வி இதுதான். இந்தப் பணத்துல சென்னையில ஒரு பிளாட் வாங்கலாமா?

அமெரிக்கப் பக்கம் தடை இல்லை. ஐஆர்ஏ வெளிநாட்டுச் சொத்து வைத்திருக்கக் கூடாது என்று விதி கிடையாது. முட்டுக்கட்டை இந்தியப் பக்கம். ஃபெமா (இந்திய அந்நியச் செலாவணிச் சட்டம்) விதிகளின்படி வீடோ கடையோ வாங்கும் பொது அனுமதி என்ஆர்ஐ, ஓசிஐ என்ற தனி மனிதர்களுக்குத்தான். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு அவர்களுக்கும் கிடையாது. இங்கே வாங்குபவர் நீங்கள் அல்ல, ஒரு அமெரிக்க டிரஸ்ட் கம்பெனியோ எல்எல்சி-யோ. அது என்ஆர்ஐ ஆகாது.

'என் பேர்ல வாங்கிட்டு ஐஆர்ஏ-வுக்காக வச்சிருக்கேன்னு எழுதிக்கிறேன்' என்று ஒருவர் சாமர்த்தியம் பேசினார். மேலே டைட்டில் பற்றிச் சொன்னதைப் படியுங்கள். பணம் உங்கள் பெயருக்கு வந்த கணமே அது ஐஆர்ஏ-விலிருந்து வெளியே எடுத்த பணம். சென்னையில் வீடு வேண்டுமென்றால் வரிகட்டி வெளியே எடுத்து, அல்லது வேறு சேமிப்பிலிருந்து, என்ஆர்ஐ-யாக நேர்வழியில் வாங்குங்கள்.

வீட்டைச் சொந்தமா வச்சிருந்தா தேய்மானம், வட்டிக் கழிவு எல்லாம் கிடைக்குமே. ஐஆர்ஏ-ல அதெல்லாம் உண்டா?

கெட்டிக்காரக் கேள்வி, யாரும் முதலில் கேட்பதில்லை. உங்கள் வரிப் படிவத்தில் இந்த வீட்டுக்கான தேய்மானம், வட்டி, பிராப்பர்ட்டி டாக்ஸ் கழிவு எதுவும் வராது. சொந்த வீடாக இருந்தால் நீண்டகால மூலதன லாபத்துக்குக் குறைந்த வரி. ட்ரெடிஷனல் ஐஆர்ஏ-விலிருந்து (வரியைத் தள்ளிப்போட்டு, எடுக்கும்போது கட்டும் வழக்கமான வகை) எடுக்கும்போது எல்லாமே சம்பளம் மாதிரி சாதாரண வருமானம். நீங்கள் இறந்தால் சொந்த வீட்டின் அடக்க விலை அன்றைய சந்தை மதிப்புக்கு உயர்ந்துவிடும், பிள்ளைகளுக்குப் பெரிய லாபம். ஐஆர்ஏ வீட்டுக்கு அது இல்லை.

வரி கட்டிய பணத்தைப் போடும் வகையான ராத் ஐஆர்ஏ-வானால் கதை வேறு. 59½ வயதும், ஐந்து வருட நிபந்தனையும் முடிந்தால் வாடகை, விற்ற லாபம் எல்லாம் வரியில்லாமல் வெளியே வரும். ட்ரெடிஷனல் கணக்கில் உள்ள வீட்டை, அன்றைய மதிப்புக்கு வரி கட்டி ராத்துக்கு அப்படியே மாற்றவும் முடியும். அந்த வரியைக் கட்ட வேறு பணம் கையில் வேண்டும்.

எழுபத்து மூணு வயசானா கட்டாயம் பணம் எடுக்கணுமாமே. வீட்டுலேருந்து ஜன்னலைப் பிச்சு எடுக்கிறதா?

ஒரு பெரியவர் கேட்டது, எல்லோரும் சிரித்தோம், ஆனால் நியாயமான கேள்வி. ட்ரெடிஷனல் ஐஆர்ஏ-வில் 73 வயதிலிருந்து, 1960-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு 75-லிருந்து, வருடந்தோறும் ஒரு தொகையை எடுத்தே ஆக வேண்டும். முந்தைய டிசம்பர் 31 மதிப்பை வயதுக்கான எண்ணால் வகுப்பார்கள். 73-க்கு அது 26.5. கணக்கு 3,00,000 என்றால் ஏறத்தாழ 11,321 டாலர். எடுக்காவிட்டால் எடுக்காத தொகைக்கு 25 சதவீத அபராதம். இரண்டு வருடத்துக்குள் சரிசெய்தால் 10.

வாடகைப் பணம் அந்த அளவுக்குக் கணக்கில் நின்றால் பிரச்சினை இல்லை. பங்குகள் உள்ள வேறொரு ட்ரெடிஷனல் ஐஆர்ஏ இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து அதிலிருந்தே எடுக்கலாம். இரண்டும் இல்லையென்றால் வீட்டில் ஒரு பங்கை உங்கள் பெயருக்கு எழுதி வாங்க வேண்டும், அதற்கு வருடாவருடம் மதிப்பீடு, பத்திரச் செலவு. ராத் ஐஆர்ஏ-வில் உங்கள் ஆயுள்வரை இந்தக் கட்டாயமே இல்லை. நீங்கள் இறந்த பிறகு, பெரும்பாலும் வளர்ந்த பிள்ளைகள் பத்து வருடத்துக்குள் கணக்கைக் காலி செய்ய வேண்டும். கணவனோ மனைவியோ தம் கணக்காகவே தொடரலாம்.

ஒரு தடவை நானே போய் வேலி அடிச்சுட்டேன், ஒரு மாச வாடகையும் என் கணக்குல வந்துடுச்சு. ஐஆர்எஸ்-க்கு எப்படித் தெரியப் போகுது?

தெரிந்தால் என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்குவோம். அபராதம் கட்டிவிட்டு நகர்கிற விஷயம் இல்லை. அந்த வருடம் ஜனவரி 1-ஆம் தேதியோடு அந்தக் கணக்கு ஐஆர்ஏ-வாக இருப்பதே நின்றுவிடும். முழு மதிப்பும் அன்று நீங்கள் வெளியே எடுத்ததாகக் கணக்கு. கணக்கில் 2,40,000 இருந்தால் அவ்வளவும் அந்த வருட வருமானத்தில் சேரும், 59½ ஆகவில்லையென்றால் மேலே 24,000 டாலர் அபராத வரி. செக்யூர் 2.0 என்ற ஓய்வூதியச் சட்டம் வந்தபின் ஒரு நிம்மதி உண்டு: தப்பு நடந்த கணக்கு மட்டும்தான் போகும், உங்கள் மற்ற ஐஆர்ஏ-க்கள் தப்பும். அதனால்தான் வீடு இருக்கும் கணக்கைத் தனியாக வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

எப்படித் தெரியும் என்றால், கஸ்டோடியன் வருடாவருடம் 5498 படிவத்தில் சொத்தின் மதிப்பை ஐஆர்எஸ்-க்கு அனுப்புகிறார். பங்குச் சந்தையில் விலை தெரியாத சொத்து இருக்கிறது என்பதற்கே அதில் தனிக் கட்டம் உண்டு. ஆடிட் வந்தால் பில்லையும் செக்கையும்தான் முதலில் கேட்பார்கள். ஆனால் ஐஆர்எஸ்-ஸே வர வேண்டும் என்றில்லை. ஆர்கன்சாவில் 2015-ல் ஒரு திவால் வழக்கு. தம்பதியின் தொழில் முடங்கி, கடன்காரர்கள் முன் நின்றார்கள். ஓய்வூதியக் கணக்கைக் கடன்காரர்கள் தொட முடியாது என்ற பாதுகாப்பைக் கணவர் கேட்டார். அந்த ஐஆர்ஏ, தம்பதியின் சொந்தக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து நிலத்தில் இறங்கியிருந்தது. அதைத் தோண்டி எடுத்தவர்கள் வரி அதிகாரிகள் அல்ல, எதிர்த்தரப்பினர். தடைசெய்யப்பட்ட பரிவர்த்தனை நடந்ததால் அது ஐஆர்ஏ-வே இல்லை என்று நீதிமன்றம் சொல்ல, கணக்கு கடன்காரர்களுக்குத் திறந்துகொண்டது.